கொள்ளி வைத்த கையால் தொட்டிலை ஆட்டலாமா?

கேள்வி: அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. புற்றுநோய். கடைசி இரண்டு மாதம் வீட்டில்தான் இருந்தார். நேரம் தவறாமல் மார்ஃபின் மாத்திரை கொடுத்தது நான். கொள்ளி வைத்ததும் நான். மூன்று வாரத்துக்கு முன் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவனைக் கையில் வாங்கியதும் என்னை மறந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உறவுக்கார அம்மா ஒருவர், "அப்பன் போய் ஆறு மாசம் ஆகல, சிரிப்பைப் பாரு" என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. சிரித்தால் அப்பாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது, அழுதால் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, கடந்து வா என்கிறார்கள் நண்பர்கள். அப்பாவின் வேட்டிகளை அம்மா துவைத்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறார், யாரும் தொடுவதில்லை. முப்பதாம் நாள் பெயர் வைக்கிறார்கள், தாய்மாமனாக நான் போய் நிற்க வேண்டும். சந்தோஷம், துக்கம் இரண்டிலுமே அர்த்தம் இருக்கிறது, இரண்டுமே மனதை ஆற்றும் என்கிறார்களே, அது எப்படி?

பதில்:

தம்பி, நான் பதினேழு வருடமாக நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். வீடு வீடாகப் போய், இனி குணமாகாது என்று அனுப்பப்பட்டவர்களின் வலியைப் பார்த்துக்கொள்கிற வேலை. நோயாளி போன பிறகும் அந்த வீட்டுக்கு இரண்டு மூன்று முறையாவது போய் வருவோம். அப்படிப் போகும்போது என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி நீங்கள் கேட்டதுதான். "நான் சிரிக்கலாமா, சிஸ்டர்?" என்று நேராகக் கேட்டவர்களும் உண்டு.

அதனால் முதலில் அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். 1997-ல் டாகர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழந்து ஏறத்தாழ ஆறு மாதம் ஆனவர்களை உட்காரவைத்து, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். பேச்சின் நடுவே பலர் சிரித்தார்கள். உதட்டளவில் வந்த சிரிப்பையும், கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கி உள்ளிருந்து வந்த சிரிப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளிருந்து சிரித்தவர்களிடம் கோபமும் மனவேதனையும் குறைவாக இருந்தன, சுற்றியிருப்பவர்களோடு அவர்களுடைய உறவும் நன்றாக இருந்தது. சிரித்ததால்தான் ஆறினார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் துக்கத்தின் நடுவில் வரும் சிரிப்பு மறதியோ அலட்சியமோ இல்லை என்று சொல்ல இது போதும். உங்கள் வயதில் இது எனக்குத் தெரிந்திருந்தால், என் அம்மா இறந்த பதினோராம் நாள் அத்தை மகன் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டிருக்க மாட்டேன்.

அந்த ஐந்து கட்டக் கதையையும் இங்கேயே முடித்துவிடுவோம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற வரிசையை 1969-ல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர். சிகாகோ மருத்துவமனையில், சாகப்போகிறவர்களிடமே உட்கார்ந்து பேசி எழுதினார். யாரும் அவர்களிடம் உண்மையைப் பேசாத காலத்தில் அது பெரிய காரியம். ஆனால் அவர் முதலில் சொன்னது, தன் சாவை எதிர்கொள்கிற நோயாளியின் மனம் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி. பின்னால்தான் அது உயிரோடு இருப்பவர்களின் துக்கத்துக்கும் பள்ளிக்கூடப் பாடம்போல் ஆகிவிட்டது. ஐந்தாம் மாதத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று நீங்கள் தேட வேண்டாம். நான் பார்த்த எந்த வீட்டிலும் துக்கம் வரிசையில் நின்று வந்ததில்லை.

நான் பார்த்ததற்கு நெருக்கமாக இருப்பது, நெதர்லாந்தில் துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபி, ஹென்க் ஸ்கூட் இருவரும் 1999-ல் சொன்ன விளக்கம். இழந்தவர் மனம் இரண்டு பக்கமும் போய் வருகிறது என்கிறார்கள். ஒரு பக்கம் இழப்பு: போட்டோவைப் பார்ப்பது, சட்டையை முகர்வது, அழுவது. இன்னொரு பக்கம் மீண்டும் ஓடத் தொடங்க வேண்டிய வாழ்க்கை: வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போவது, காஸ் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றுவது, அப்புறம் ஒரு குழந்தையைத் தூக்குவது. ஆரோக்கியமான துக்கம் இந்த இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல்போல் ஆடுகிறது. ஒரே நாளில் பத்து முறைகூட ஆடும். எப்போதும் அழுகையிலேயே இருப்பதும் சிக்கல், அழுகைப் பக்கமே போகாமல் வேலையிலேயே இருப்பதும் சிக்கல். குழந்தையைக் கையில் வாங்கி நீங்கள் சிரித்ததும், அன்று இரவு தூங்காமல் புரண்டதும் அந்த ஊஞ்சல்தான். அந்த அம்மாவின் ஒரு வார்த்தை அதை நடுவில் பிடித்து நிறுத்திவிட்டது. நீங்கள் படும் வேதனையில் பாதி அப்படி நிறுத்தப்பட்டதால் வந்தது என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட இன்னொன்று. மாத்திரை கொடுத்தீர்கள், கொள்ளி வைத்தீர்கள், தாய்மாமனாகப் போய் நிற்க வேண்டும் என்கிறீர்கள். எல்லாம் கடமைகள். அழுதேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. நம் சாவு வீடுகளில் ஆண் எங்கே இருக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். வாசலில், பந்தலுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சா, மாலை எத்தனை, வெட்டியானுக்கு எவ்வளவு, வெளியூர் ஆட்கள் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று பார்ப்பது அவன் வேலை. பெண்கள் உள்ளே உடலைச் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள். துணையை இழந்தவர்களுக்கு இரண்டு வகையான ஆலோசனை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை, நான் சொன்ன அதே ஸ்கூட் தன் சகாக்களோடு 1997-ல் வெளியிட்டார். காரியங்களை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தது பெண்களுக்கு அதிகம் உதவியது. உணர்ச்சியைத் திறந்து பேசவைத்தது ஆண்களுக்கு அதிகம் உதவியது. அதாவது யாருக்கு எது பழக்கமில்லையோ அதுதான் அவரை ஆற்றியது. உங்களுக்குப் பழக்கமில்லாதது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உள்ளே அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள நல்ல பதில் அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி, வட்டமாக உட்கார்ந்து ஆடியபடி பாடுகிறார்கள். வெளியூரிலிருந்து ஒருத்தி வந்து இறங்கினால், தெருமுனையிலேயே தலையை அவிழ்த்துவிட்டு ஓடி வந்து அந்த வட்டத்தில் விழுவாள். வட்டம் விரிந்து அவளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவள் பாடுவது இறந்தவரைப் பற்றி மட்டும் என்று நினைக்காதீர்கள். போன வருடம் போன தன் தகப்பனையும், பிறக்கும்போதே இறந்த தன் பிள்ளையையும் அதே மெட்டில் இழுத்து அழுதுவிடுவாள். ஊரான் வீட்டுச் சாவில் தன் சாவுக்கு அழுகிறாள் என்று குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அவளுக்கு அழ ஓர் இடம் கிடைத்திருக்கிறது, கட்டிப்பிடிக்க ஒரு தோள் இருக்கிறது. அழுகையைப் பற்றி ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்: அழுத பிறகு மனம் லேசாகிறதா என்பது, அழும்போது ஆதரவாக யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்பதைப் பெரிதும் பொறுத்தது. பூட்டிய அறைக்குள் தனியாக அழுகிறவர்களில் சிலர் இன்னும் கனத்துத்தான் வெளியே வருகிறார்கள்.

அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் சந்தோஷம். "நீ சந்தைக்குப் போனா எனக்கு எதெது வாங்கி வருவே", "எனக்குத் தாலி கட்டின அன்னிக்கு ஊரே பந்தல்ல நின்னுச்சே", "நீ வாசல்ல உட்கார்ந்திருந்தா வர்றவங்களுக்கு மோர் கொடுக்காம விடமாட்டியே" என்று, அந்த மனிதரோடு வாழ்ந்த நல்ல நாட்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒவ்வொன்றின் முடிவிலும், இப்போது அது இல்லையே என்று குரல் உடையும். இழப்பின் அளவைச் சொல்ல அவர்களுக்கு வேறு அளவுகோல் கிடையாது. எவ்வளவு இனித்ததோ அவ்வளவு அழுகை.

இப்போது தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பாரி வைத்த அதே பெண், அதே தொண்டை, கிட்டத்தட்ட அதே இழுவை. யார் அடித்து நீ அழுகிறாய், மாமன் அடித்தானா மல்லிகைச் செண்டால் என்று தொடங்கும். மாமன் கொண்டு வரும் வெள்ளி அரைஞாணும் தங்க வளையும் வரிசையாக வரும். அப்புறம் மெல்ல வேறு ஏதோ கலக்கும். பிள்ளை இல்லாமல் கோயில் கோயிலாகப் போன வருடங்கள், மலடி என்று கேட்ட பேச்சு, பிறந்த வீட்டை விட்டு வந்த தூரம், உதவிக்கு யாரும் இல்லாத அடுப்படி. குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்பதால் அதன் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள் தாய். ஒப்பாரிக்குள் சந்தோஷம் இருப்பதுபோல் தாலாட்டுக்குள் துக்கம் இருக்கிறது. இரண்டையும் கட்டியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். இன்பத்தை ஒரு தட்டிலும் துன்பத்தை ஒரு தட்டிலும் பிரித்து வைக்க முடியாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

தம்பி, நீங்கள் அந்தத் தாலாட்டில் வரும் மாமன். கொள்ளிக்குடம் சுமந்த தோளில்தான் நாளை அந்தப் பையன் சாய்ந்து தூங்குவான். நம் முறையில் இந்த இரண்டு இடத்திலும் நிற்க வேண்டியவன் ஒரே ஆள். முன்னோர் இதை யோசித்து வைத்தார்களா, தானாக அமைந்ததா, தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் இறப்பில் நின்றவனையே பிறப்பிலும் முன்னால் நிறுத்துகிற ஒரு வழக்கம் நம்மிடம் இருக்கும்போது, கொள்ளி வைத்த கை தொட்டிலைத் தொடக்கூடாது என்று அதே வழக்கத்தின் பேரால் ஒருவர் சொன்னால், அவரை நம்ப வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் காரியம் முடிந்த அன்று, மாமன் மச்சான் முறைக்காரர்கள் துக்க வீட்டாருக்குத் தலையில் எண்ணெய் வைத்து, புது வேட்டி கொடுத்து, கறிச்சோறு போட்டு, சில வீடுகளில் சினிமாவுக்கே கூட்டிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் எனக்கு இது கொடுமையாகத் தெரிந்தது. தாத்தாவைப் புதைத்த மண் காயவில்லை, இவர்களுக்குக் கறி கேட்கிறதா என்று. இப்போதுதான் தெரிகிறது, அது ஊஞ்சலை மறுபக்கம் தள்ளிவிடும் ஒரு கை. துக்கத்தில் இருப்பவன் தானாக எழுந்து சந்தோஷத்தை எடுத்துக்கொள்ளமாட்டான், கூச்சப்படுவான். அதனால் ஊர் அதை அவன் கையில் வைக்கிறது. நீ சாப்பிடலாம், நீ சிரிக்கலாம் என்று அனுமதி தருகிறது.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாட்டு ஒன்று உண்டு, 194-ஆவது. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு, ஒரே நேரத்தில் கேட்கிறது. பலரும் அதன் கடைசி வரியை மட்டும் சொல்வார்கள்: "இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே." நான் சொல்ல விரும்புவது அதற்கு முன்னால் உள்ளதை. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனைப் "பண்பிலாளன்" என்று அந்தப் புலவர் திட்டுகிறார். இந்த உலகம் கொடியது என்று வாய்விட்டுச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் இனியதைக் காணுங்கள் என்கிறார். நம் ஆட்கள் சாவு வீட்டுக்கு வந்ததும் "எல்லாம் நன்மைக்கே", "அவருக்கு விடுதலை" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கோபப்பட வேண்டியவன் கோபப்படுவதற்கு முன்னாலேயே ஆறுதல் வந்து வாயை அடைத்துவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு அந்த நோய் வந்ததில் எந்த அர்த்தமும் இருக்க வேண்டியதில்லை. அதில் அர்த்தம் தேடச் சொல்லி யாரும் உங்களை வற்புறுத்தவிடாதீர்கள்.

அப்படியென்றால் அர்த்தம் எங்கே வருகிறது? எங்கள் துறையே பிறந்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1948. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற இளம்பெண், மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்ப விஷயங்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். அங்கே டேவிட் டாஸ்மா என்று ஒரு நோயாளி. வார்சாவிலிருந்து வந்த யூதர், நாற்பது வயது, குணமாகாத புற்றுநோய். நான் வாழ்ந்ததற்கு ஒரு தடயமும் இல்லாமல் போகப்போகிறேன் என்பது அவருடைய வேதனை. இருவருக்கும் நடுவே அன்பு வளர்ந்தது. இப்படிப்பட்டவர்கள் வலியில்லாமல், தனியாக இல்லாமல் இருக்க ஓர் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று படுக்கை ஓரத்தில் பேசிக்கொண்டார்கள். இறக்கும்போது அவர் 500 பவுண்டு விட்டுச் சென்றார். "உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்" என்றார்.

அந்த ஜன்னலைச் சுற்றி வீட்டைக் கட்ட 19 வருடம் ஆனது. மருத்துவராக இருந்தால்தான் பேச்சு எடுபடும் என்பதால், அந்தப் பெண் மருத்துவம் படித்து 1957-ல் டாக்டர் ஆனார், அப்போது அவர் நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கான வேறொரு இல்லத்தில் வேலை பார்த்தபோது ஆண்டனி என்ற இன்னொரு போலந்து நோயாளியிடம் மனதைக் கொடுத்தார். அவரும் 1960-ல் இறந்தார். அவர்களுக்குக் கிடைத்தது சில வாரங்களே. 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறந்தது. டாஸ்மாவின் நினைவாக அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. 2005-ல் சாண்டர்ஸ் இறந்ததும் அதே இல்லத்தில்தான்.

இந்தக் கதை உங்கள் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. வலி வந்த பிறகு நோயாளி கெஞ்சிக் கேட்டு மருந்து கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். வலி தலைதூக்கும் முன்பே, கடிகாரம் பார்த்து, தவறாமல் கொடுக்க வேண்டும் என்று ஊன்றிச் சொல்லி நடத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் சாண்டர்ஸ். நேரம் தவறாமல் அப்பாவுக்கு மார்ஃபின் கொடுத்தீர்களே, அந்த முறையின் தொடக்கம் ஒரு பெண்ணின் காதலிலும் துக்கத்திலும் இருக்கிறது. டாஸ்மாவின் சாவுக்கு அர்த்தம் ஏதும் இல்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவே இருந்த அந்த இரண்டு மாத சந்தோஷமும், அதை இழந்த வலியும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வைத்தன. சந்தோஷம் மட்டும் இருந்திருந்தால் அது நினைவாகப் போயிருக்கும், துக்கம் மட்டும் இருந்திருந்தால் அவர் உடைந்துபோயிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அதற்காக நீங்களும் ஒரு இல்லம் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நான் போன வீடு ஒன்றில், மனைவியை இழந்த பெரியவர் அவள் போட்டுக்கொண்டிருந்த கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் ஒரு கொத்து ஒடித்துத் தருவார், தரும்போது அவள் பேரைச் சொல்லித் தருவார். அவருடைய அர்த்தம் அந்த அளவுதான். அது அவரை மூன்று வருடம் நன்றாக நிறுத்தியிருக்கிறது.

சந்தோஷத்தைக் கண்டு ஒரு பயமும் உங்களுக்கு இருக்கலாம். "இன்னைக்கு ரொம்பச் சிரிக்கிறோம், நாளைக்கு அழ வேண்டி வருமோ" என்று நம் வீடுகளில் சொல்லாத ஆள் இல்லை. ஒரு சாவைப் பார்த்த பிறகு அந்தப் பயம் இரட்டிப்பாகும். குழந்தையைப் பார்க்கும்போதே இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அடிவயிறு கலங்கும். உடம்புக்கும் இந்த இரண்டும் அவ்வளவு தூரமில்லை. கடும் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை பலூன்போல் ஊதிவிடும் ஒரு நோய் உண்டு. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை வைத்து டகோட்சுபோ என்பார்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும். மனதால் வருவதென்றால் துக்கம், பயம் போன்றவற்றால்தான் வரும் என்று நினைத்திருந்தார்கள். மனக் கொந்தளிப்பால் இந்த நோய் வந்த 485 பேரைப் பற்றி ஜூரிச் மருத்துவர்கள் 2016-ல் எழுதினார்கள். அதில் 20 பேருக்கு அது வந்தது சந்தோஷத்தில்: மகன் கல்யாணம், பேரப்பிள்ளை பிறந்தது, பிறந்தநாள் விழா. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். பெரிய சந்தோஷமும் மனதுக்கு ஒரு பாரம்தான், அதையும் யாரோடாவது சேர்ந்து சுமக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். குழந்தை விரலைப் பிடித்தான் என்றால் அதை அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். அப்பா இருந்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாரோ அவரிடமே சொல்லுங்கள்.

அழுவதற்கு வட்டம் இல்லாத ஆணுக்கு என்ன வழி என்றால், ஒன்று எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் கல்லூரி மாணவர்களிடம் செய்து பார்த்தார். மனதில் கிடக்கும் மிகக் கனமான ஒன்றை, தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார். நடந்ததையும் எழுத வேண்டும், அப்போது பட்டதையும் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பலருக்கு மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போன தடவைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. எல்லோருக்கும் ஒரே அளவு பலிக்காது. முயன்று பாருங்கள். எழுதும்போது தொல்காப்பியம் சொல்வதை ஒரு கைவிளக்காக வைத்துக்கொள்ளலாம். அழுகை நான்கிலிருந்து வரும் என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நினைப்பது, உரியவரை இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. நம் அழுகை எப்போதும் இழவு மட்டும் என்று நினைக்கிறோம். உங்களுடையதில் அந்த அம்மாவின் வார்த்தை தந்த இளிவு இருக்கிறது. அப்பா இருந்தபோது நீங்கள் மகன், இப்போது எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்ற அசைவு இருக்கலாம். இரண்டு மாதச் செலவில் கடன் இருந்தால் வறுமையும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கடனுக்கு அழுவதை அப்பாவுக்கு அழுவதாக நினைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு அழுதாலும் ஆறாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். மாதங்கள் போகப் போகத் துக்கம் ஆடாமல் ஒரே பக்கம் உறைந்து நின்றால், வேலைக்குப் போக முடியாமல், சாப்பிடப் பிடிக்காமல், நானும் போய்விட்டால் தேவலை என்று நினைப்பு வந்தால், அது உதவி தேவைப்படும் நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆறு மாதத்துக்கு மேல் நீளும் முடக்கும் துக்கம் தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறார்கள். சாக வேண்டும் என்ற நினைப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே பேச வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழில் பேசலாம், காசு இல்லை. மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்கிறீர்களே, அதற்கும் பேசலாம்.

பெயர் வைக்கும் நாளுக்கு வருகிறேன். போங்கள். முன்வரிசையில் நில்லுங்கள். அரைஞாண் வாங்கும்போது தங்கைக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் அழுகை வந்தால் தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுங்கள். அவளும் அப்பாவை இழந்தவள்தான். பச்சை உடம்புக்காரி அழக்கூடாது என்று அவளைச் சுற்றி எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். உங்களைப் போலவே அவளும் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருப்பாள்.

அப்புறம் அந்த வேட்டிகள். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்றுவதைவிட, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டியில் சுற்றுவதுதான் நம் வழக்கம். உடம்பு அறுக்காது. உங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால், இந்நேரம் அவருடைய வேட்டி ஒன்று நாலாகக் கிழிபட்டு அந்தப் பிள்ளைக்குக் கீழே விரிந்திருக்கும். இறந்தவர் துணி ஆகாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். அதனால் நீங்களாக எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மா, அப்பா வேட்டி ஒண்ணை அவனுக்குத் தூளி கட்டக் கொண்டு போகட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர் எழுந்து பீரோவைத் திறந்தால், எந்த வேட்டி என்று அவரையே எடுக்க விடுங்கள். அவர் எடுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.